உறுமல் அக்காவின் விளக்கு

"பாக்கலம்மா" என்றார் கார்க்காரர். அதைச் சொல்லும்போதும் அவர் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் நாற்சந்தியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வண்டி பக்கத்தில் படுத்துக் கிடந்தது. பின்னால் கட்டியிருந்த நீலப் பெட்டி வாய் பிளந்து, பஞ்சும் பனிக்கட்டிப் பைகளும் சிதறி, உடைந்த கண்ணாடிக் குழாய்களிலிருந்து மூன்று நான்கு தெருக்காரர்களின் ரத்தம் ஒன்றாகச் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. விடியுமுன் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அது அவளுடைய ரத்தம் என்று நினைத்து அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டமே அவளைச் சுற்றி நின்று பார்த்தது. அதற்கும் ஊரார் ரத்தம் தேவைப்பட்டது.

"லைட்டு எரியுது, இண்டிகேட்டர் எரியுது, நடு ரோட்டுல மாடு மாதிரி நிக்கிறேன். என்னத்தப் பாக்கல?" என்று கேட்டாள்.

"நெஜமாவே பாக்கலம்மா" என்றார் அவர் மறுபடியும், அது ஒரு பதில் என்பதுபோல.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களின் வீடுகளுக்கு விடியுமுன் போய், கையைக் குத்தி, ரத்தம் எடுத்து, குழாயில் அடைத்து, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதை ரவுண்டு என்பார்கள். ரவுண்டு போகிறவர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

அன்று காலை மேனேஜர் தன் அறையில் அவளை நிற்கவைத்தே விசாரித்தார்.

"எங்க நின்னீங்க?"

"முக்குல சார். திரும்பறதுக்காக நின்னேன்."

"லைட்டு?"

"போட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் அவருக்குத் தெரியல?"

"அதை அவர்கிட்டதான் சார் கேக்கணும்."

"அவர் இங்க இல்லியே. நீங்கதான இருக்கீங்க."

குழாய் உடைந்த வீடுகளுக்கெல்லாம் மறுநாள் திரும்பப் போய், மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் குத்த வேண்டும் என்றார். கடைசியாக, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். "இன்னொரு தடவை ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா ரவுண்டு வேண்டாம். உள்ள உட்கார்ந்து லேபிள் ஒட்டுங்க. உங்களுக்கும் சேஃப்டி, எங்களுக்கும் சேஃப்டி."

அவள் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். லேபிள் அறை அவளுக்குத் தெரியும். லேபில் சேர்ந்த புதிதில் அங்கேதான் இருந்தாள். ஒரு ஜன்னல், அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பகலும் இரவும் ஒரே குழல் விளக்கு. காலையில் நுழைந்தால் சாயங்காலம் வெளியே வரும்போதுதான் மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று தரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே இருந்தவரை மேனேஜர் அவளை "லேபிள்" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் குள்ளம். மூன்றாவது பெண். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் உயரமான ஒருத்தியின் பின்னலுக்குப் பின்னால் பாதி நெற்றியாக இருப்பாள். ஒருமுறை ரயிலடியில் அப்பா மூட்டைகளை எண்ணி, மூத்தவர்கள் இருவரையும் எண்ணி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வண்டி ஏறிவிட்டார். அடுத்த ஸ்டேஷனில்தான் அம்மாவுக்கு உறைத்தது. திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. நடைமேடையில் கால் பரப்பி நின்று, வருகிற போகிற ரயில்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாளாம். எந்த கவுண்டரில் போய் நின்றாலும் உள்ளே இருப்பவர் அவள் தலைக்கு மேலே பார்த்து "அடுத்தது யாரு?" என்பார். "அடுத்தது நான்தான்யா, கண்ணைக் கொஞ்சம் கீழ இறக்கு" என்று அவளும் சொல்லிச் சொல்லி, அந்தக் குரல் நாளடைவில் அவளுக்கு நிரந்தரமாகிவிட்டது.

ரவுண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றபோது அவள் பெயரைக் கொடுத்தாள். மேனேஜர் சிரித்தார். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து அவர் ஜன்னலுக்கு நேர்கீழே நிறுத்தி ஹாரன் அடித்தாள். வண்டி புருஷனுடையது. அவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்பவர். அச்சகத்தின் பின்முற்றத்தில் வண்டியின் பின்னால் ஓடி ஓடி அவர்தான் பழக்கிவிட்டார். அவளுக்குக் காலின் பெருவிரல் மட்டும்தான் தரையில் படும். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "வீட்டுக்கு வேண்டியது அவகிட்டயே ஸ்டாக் இருக்கு. நான் வேற எதுக்குத் தனியா வாங்கணும்?" என்பார்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆளில்லாத தெருவில் போகிற அந்த நேரம் அவளுக்குச் சொந்தமாக இருந்தது. அழைப்பு மணி அடித்தால் கதவைத் திறப்பார்கள். அவளுக்காகக் காத்திருப்பார்கள். கையை நீட்டுவார்கள். உலகத்தில் வேறு எங்கும் அப்படி நடந்ததில்லை. அதைத்தான் பறித்துவிடுவேன் என்கிறார் மேனேஜர், யாரோ ஒருவர் அவளைப் பார்க்காமல் போனதற்காக.

அடிபட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள். அவரை எல்லோரும் ஃபியூஸ் என்பார்கள். எந்த வண்டி வந்தாலும், டயர் பஞ்சரானாலும்கூட, அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"ஃபியூஸ் பாத்தியாம்மா?"

"லைட்டு எரியுதுண்ணே. எரியறது எவன் கண்ணுக்கும் தெரியல. அதான் கம்ப்ளெயின்ட்."

அவர் வண்டியைக் கிளப்பி அவளை முன்னால் போய் நிற்கச் சொன்னார். கைப்பிடியை முறுக்கினார், விளக்கு பொங்கிக்கொண்டு வந்தது. கையை விட்டார், அணையப்போகும் மெழுகுவத்தி மாதிரிச் சுருங்கிவிட்டது.

"பாத்தியா? இந்த மாடல்ல லைட்டுக்கு எஞ்சின்தான் சோறு போடுது. எஞ்சின் ஓடினா லைட்டும் சாப்பிடும். வண்டி நின்னு எஞ்சின் மெல்ல மூச்சு வாங்கினா லைட்டு பட்டினி."

"நிக்கிறப்பதானண்ணே வந்து இடிக்கிறாங்க. அப்பதான வெளிச்சம் வேணும்?"

"நியாயம்தான். வண்டி செஞ்சவன்கிட்ட போய்க் கேளு. என்னை எதுக்கு முறைக்கிற?"

முறைப்பு அவருக்கானது அல்ல என்று சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. மறுநாளிலிருந்து நாற்சந்தியில் நிற்கும்போதெல்லாம் கிளட்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள். வண்டி உறுமியது, விளக்கு பிரகாசித்தது. அங்கே இருந்த குடியிருப்பின் காவல்காரர் ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"காலங்காத்தால யார் மேலம்மா இவ்வளவு கோபம்? நின்ன எடத்துலயே உறுமுறீங்க, வீட்டுல புள்ளைங்கல்லாம் எழுந்துருதாம்."

"கோபம் இல்ல. வெளிச்சம்."

"எது, இதா?"

அவர் நம்பவில்லை. உறுமல் அக்கா என்ற பெயர் அந்த முக்கிலிருந்துதான் கிளம்பியது. அவளுக்கு முன்பே அது லேப் போய்ச் சேர்ந்திருந்தது.

உறுமி உறுமி எத்தனை நாள் ஓட்டுவது? பெரிய பல்பு போடு என்று ஃபியூஸை நச்சரித்தாள். "வேண்டாம்மா, ஒயரு தாங்காது" என்றார். "போடுங்கண்ணே." போட்டார். சில நாள் தெருவே பட்டப்பகலாக இருந்தது. பிறகு கைப்பிடி சுவிட்ச் இளகி, நாற்றம் வந்து, ஒரு வளைவில் புகைவிட்டு, எல்லாம் இருட்டாகிவிட்டது. அன்று கடை வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில், காற்றடிக்க வந்தவர் காற்றடிக்காமலே போனார்.

"நான் வேண்டாம்னேனா இல்லியா?" என்றார் ஃபியூஸ்.

"வேண்டாம்னா போடாதீங்க. நான் சொன்னா உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?"

அவர் யோசித்துப் பார்த்தார். அதிலும் ஏதோ நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. இந்தமுறை ஒழுங்காகச் செய்தார். எஞ்சினிலிருந்து நேரே வந்த கம்பியை விலக்கி, பாட்டரி வழியாகக் கரண்ட் வரும்படி மாற்றினார். தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ரிலேயும் ஃபியூஸும் வைத்தார். விளக்கின் மங்கிப்போன கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டினார். வெள்ளை வெளிச்சம் தரும் பல்பு. வண்டி நின்றாலும் ஓடினாலும் ஒரே அளவு.

எதிர்ச்சுவரில் சாக்பீஸால் அவர் போட்டு வைத்திருந்த கோடு ஒன்று உண்டு. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிச்சத்தின் உச்சி அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும்படி திருகாணியைத் திருப்பினார். "கோட்டத் தாண்டினா எதிர்ல வர்றவன் கண்ணுல குத்தும்." பெட்டி அப்போது வண்டியில் இல்லை. ரவுண்டு முடிந்ததும் அது லேபின் குளிர் அறைக்குப் போய்விட வேண்டும், ரத்தப் பெட்டி கண்ட இடத்துக்கும் போகக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். ஃபியூஸ் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அவள் தெரிந்தாள். கார்கள் தயங்கி நின்றன. ஒரு லாரி அவளுக்கு வழிவிட்டது. எதிரே வந்தவர்கள் விளக்கைப் பளிச் பளிச் என்று அடித்தார்கள். பொம்பளை பெரிய விளக்கோடு வந்தால் பொறுக்காது என்று நினைத்து அவளும் பதிலுக்கு அடித்தாள். ஒருவர் ஜன்னலை இறக்கிக் கெட்ட வார்த்தை சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"திட்டறான்னா பாத்திருக்கான்னுதான அர்த்தம்?"

"அதுக்குத்தான் எல்லாரும் கண்ணடிக்கிறாங்களா உனக்கு?" என்றார் அவர். "இந்த வயசுல."

"அடிக்கட்டும். இத்தனை நாள் எங்க போயிருந்தானுங்க?"

மழை விட்ட ஒரு காலை. தெருவிளக்குகள் அணைந்திருந்தன. கால்வாயை ஒட்டிய குறுகலான சாலையில் அவள் போய்க்கொண்டிருந்தாள். எதிரே ஒரு சைக்கிள். பின்னால் தகரப் பெட்டி. பேக்கரியிலிருந்து வீடுகளுக்கு ரொட்டி போடுகிறவர். தினம் ஏதோ ஒரு திருப்பத்தில் கடந்து போவார்கள், பேசியதில்லை. சைக்கிள்காரர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணுக்கு மேல் வைத்தார். அடுத்த கணம் சைக்கிள் ஓரமாகப் போய், ஓரத்தையும் தாண்டிப் போய், சரிந்தது.

அவள் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்துவிட்டு ஓடினாள். மனிதர் சேற்றில் கிடந்தார். ரொட்டிகள் கால்வாயில் மிதந்துகொண்டிருந்தன. தூக்கி உட்காரவைத்தாள். இடது மணிக்கட்டு தப்பான பக்கம் வளைந்திருந்தது.

"நல்லவேளைம்மா, நீங்க வந்தீங்க, ரொம்ப நன்றி" என்றார். கண்களைக் கொட்டிக்கொண்டே இருந்தார். "எவனோ பெரிய லைட்டப் போட்டுக்கிட்டு மூஞ்சியிலயே அடிச்சான். கண்ணு அவிஞ்சு போச்சு. ரோடே தெரியல. எந்தப் பக்கம் போனான்? நீங்க பாத்தீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"பாக்கல" என்றாள்.

தன் துப்பட்டாவால் அவர் கையைக் கட்டினாள், சைக்கிளை நிமிர்த்தி மரத்தில் சாய்த்தாள். அந்த வழியாக வந்த ஒரு வேனை மறித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினாள். அவர் இன்னொரு தடவை நன்றி சொன்னார்.

அன்று குத்திய ஊசியெல்லாம் வலித்ததாக வீட்டுக்கு வீடு சொன்னார்கள். ரவுண்டு முடித்து, பெட்டியை இறக்கிவிட்டு, நேரே ஃபியூஸ் கடைக்குப் போய் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தினாள்.

"தப்பா வெச்சிருக்கீங்க. ஒருத்தர் விழுந்துட்டார்."

"ஃபியூஸ்..."

"ஃபியூஸப் பத்திப் பேசினீங்க, இந்த ஸ்பேனராலயே அடிப்பேன்."

அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, இருட்டாக்கி, விளக்கைப் போட்டார். வெளிச்சத்தின் உச்சி சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நின்றது. "நீயே பாரு. எங்க தப்பு?"

அவள் பார்த்தாள். தப்பு இல்லை. தப்பு இல்லை என்றதும் முதலில் ஆறுதலாக இருந்தது. அப்படியானால் அந்த ஆளுக்கு ஓட்டத் தெரியவில்லை. வயதான கண். ஈர ரோடு. வழியெல்லாம் காரணங்களை அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுக்க அடுக்க, அந்தக் கார்க்காரரும் அன்றைக்கு இப்படித்தான் அடுக்கிக்கொண்டு போயிருப்பார் என்று தோன்றியது. சோற்றுப் பானையை அடுப்பில் வைத்த வேகத்தில் மூடி எகிறி விழுந்தது. புருஷன் உள்ளேயிருந்து, "பானை என்னம்மா பண்ணிச்சு?" என்றார்.

ரவுண்டில் வரும் மாடிவீட்டு டெய்லர்தான் அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார், தனக்கே தெரியாமல். சர்க்கரை நோயாளி. வாரம் தவறாமல் கை நீட்டுபவர். அவள் மணி அடிக்குமுன்பே கதவைத் திறந்துவைத்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் வர்றது எப்படித் தெரியும்?" என்றாள், ஊசியைப் பிரித்துக்கொண்டே.

"இப்பல்லாம் எனக்கு அலாரமே வேண்டாம். நீ தெருமுனை திரும்பினதும் உன் லைட்டு வந்து எங்க சீலிங்ல நிக்கும். ஃபேன் நிழல் பெரிசா சுத்தும். சரி, குத்தறவ வந்துட்டான்னு எழுந்துருவேன்."

"சீலிங்லயா? மாடியிலயா?"

"பின்ன? நான் என்ன தரையிலயா குடியிருக்கேன்?"

அவள் குத்தினாள், எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். கீழே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். எதிர்வீட்டு மாடிக் கொடியில் தொங்கிய துணிகள் பளீரென்று தெரிந்தன. இறங்கி, கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் தரையில் வைத்தாள். வண்டியின் பின்பக்கம் மூச்சுவிட்டதுபோல எழும்ப, வெளிச்சம் துணிகளிலிருந்து வழுக்கி, கீழே வாசற்படிக்கு வந்தது. மறுபடி ஏற்றினாள், மாடிக்குப் போனது. இறக்கினாள். ஏற்றினாள்.

பனிக்கட்டியும் குழாயும் நிறைந்த பெட்டியின் கனத்தோடு அவள் கனமும் சேர்ந்து பின்பக்கத்தை அழுத்த, வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டி இல்லாமல் சுவருக்கு எதிரே நின்றால் வண்டி சாது. ரோட்டுக்கு வந்தால் எதிரே வருகிற ஒவ்வொரு கண்ணிலும் விரலை விட்டிருக்கிறது. பளிச் பளிச் என்று அடித்தவர்கள் சண்டைக்கு வரவில்லை. இறக்கு, இறக்கு என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவள் பதிலுக்கு இன்னும் கொஞ்சம் குத்தியிருக்கிறாள்.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பெட்டியை ஒரு உதை விட்டாள். பிறகு பதறிப்போய்த் திறந்து குழாய்களைப் பார்த்தாள். உடையவில்லை.

அன்று சாயங்காலம் புருஷனையும் இழுத்துக்கொண்டு ஃபியூஸ் கடைக்குப் போனாள். பெட்டிக்குப் பதிலாக அச்சகத்திலிருந்து காகிதக் கட்டுகள். புருஷன் ஒவ்வொன்றாகக் கையில் தந்தார். அவள் கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தாள். "இன்னொண்ணு. இன்னொண்ணு. இது ஜாஸ்தி. அந்தச் சின்னது." தினம் தூக்குகிற கனம், கை மறக்கவில்லை. கட்டி முடித்து அவள் ஏறி உட்கார்ந்ததும் வெளிச்சம் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பக்கத்துக் கட்டடத்தின் விளம்பரப் பலகையில் போய் உட்கார்ந்தது.

ஃபியூஸ் வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"இத்தனை வருஷமா கோடு போட்டு வெச்சிருக்கேன். ஏறி உட்காரு, மூட்டையக் கட்டிப் பாருன்னு ஒருத்தனும் சொல்லல."

"அதை நான் சொல்லணுமா? மெக்கானிக் நீங்களா நானா?"

"பெட்டியக் கொண்டாந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

"கொண்டாரக் கூடாதாம். சட்டமாம்."

"ரெண்டு பேரும் சரிதான்" என்றார் புருஷன். "என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் மூட்டை தூக்கற வேலை."

ஃபியூஸ் பின்ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கினார். அவள் வண்டிமேல் உட்கார்ந்தபடியே இருக்க, திருகாணியை மெல்லத் திருப்பி வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கினார். பெட்டியின் பக்கங்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒட்ட ஒளி வாங்கி மின்னும் பட்டைகள் கொடுத்தார். முன்னால் இரண்டு பக்கமும் சின்ன மஞ்சள் விளக்குகள் வைத்தார். புருஷன் தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பி நின்று, "வண்டியும் தெரியுது, வண்டிமேல உட்கார்ந்திருக்கிற கோபமும் தெரியுது. கண்ணு கூசல" என்று கத்தினார்.

அதோடு அது முடிந்துவிட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அடுத்தடுத்த நாட்களில் யாரும் விளக்கடிக்கவில்லை. கார்கள் நிற்கவேண்டிய இடத்தில் நின்றன. ஆனால் ரொட்டிச் சைக்கிளில் வேறொருவர் வந்தார். ஒரு வீட்டு வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் நிற்க நேர்ந்தபோது கேட்டாள்.

"முன்னாடி வருவாரே, அவர் எப்படி இருக்கார்?"

"அவரா? தூக்கத்துல ஓட்டிக் கால்வாய்ல விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டார். முதலாளி ரொட்டி போடற லைனப் புடுங்கி உள்ள போட்டுட்டார், தட்டு கழுவ. ஏதோ லைட்டு வந்துச்சு, கண்ணு கூசிச்சுன்னு சொல்லிட்டுத் திரியறார். யார் நம்புவா? எவனும் பாக்கலியே."

அவள் ரவுண்டை முடித்தாள். பெட்டியை இறக்கினாள். வீட்டுக்குப் போகவில்லை.

பேக்கரியின் பின்பக்கம் அடுப்பு அறை. உள்ளே நுழைந்ததுமே முகத்தில் சூடு அறைந்தது. மாவு படிந்த மேஜைகளுக்கு அப்பால், ஜன்னல் இல்லாத மூலையில், கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கருகிய தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார் அவர். வேலையாட்கள் நாலைந்து பேர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். முதலாளி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரே முதலில் அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "முதலாளி, நான் சொன்னேன்ல, தூக்கிவிட்டாங்கன்னு. இந்தம்மாதான்."

"ஓ" என்றார் முதலாளி. "ஏம்மா, நீங்களாவது சொல்லுங்க. இவரு ஏதோ லைட்டு வந்துச்சுங்கறாரு. அது என்ன, வானத்துலேருந்து இறங்கிச்சா?" மாவு பிசைந்தவர்கள் சிரித்தார்கள். "நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

"அவங்களும் பாக்கல" என்றார் ரொட்டிக்காரர், அவளுக்குச் சிரமம் வைக்காமல்.

"பாத்தேன்" என்றாள் அவள். "என் வண்டி லைட்டுதான் அது."

பிசைகிற சத்தம் நின்றது. ரொட்டிக்காரர் தட்டைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குக் கேட்டேனே."

"கேட்டீங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். பதிலைத் தேடினாள். கிடைத்தது மிகவும் சின்னதாக இருந்தது. "என் வேலை போயிடும்னு."

"என் வேலை?" என்றார் அவர். "முப்பது வருஷமா சைக்கிள் ஓட்டறேன். ஒரு நாள் ஒரு ரொட்டி கீழ விழுந்ததில்ல. இவனுங்க என்னைத் தூங்குமூஞ்சிங்கறானுங்க. வீட்டுல எம் பொண்டாட்டியே, வயசாயிடுச்சு, கண்ண மூடியிருப்பீங்கங்கறா. எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா, தூங்கிட்டமோன்னு. தெரியுமா உங்களுக்கு? நன்றி வேற சொன்னேன் நான் உங்களுக்கு. ரெண்டு தடவை."

அவள் நின்றாள். திட்டட்டும் என்று நின்றாள். அவர் திட்டினார். அவளுக்கு வாய்த்த கோபத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல அது. பெட்டி, கனம், கோடு என்று விளக்கிச் சொல்ல வந்தவள் அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

முதலாளிதான் குறுக்கே வந்தார். "சரி விடுங்கப்பா, ஆனது ஆச்சு."

அப்போதுதான் அவளுக்குப் பழைய குரல் திரும்ப வந்தது. "என்ன ஆனது ஆச்சு? இவர் தூங்கலன்னு சொல்லுங்க. இங்க சிரிச்சவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. கை சரியானதும் லைன் இவருக்குத்தான்னு சொல்லுங்க."

"எங்க கடையில வந்து என்னையே அதட்டறீங்களா? எந்த லேப் நீங்க?"

சொன்னாள்.

"உங்க மேனேஜர்கிட்ட பேசிட்டு அப்புறம் இதெல்லாம் பேசுவோம்."

"பேசுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அதைச் சொல்லுங்க."

முதலாளி அவளைப் பார்த்தார், ரொட்டிக்காரரைப் பார்த்தார், மாவில் கைவைத்தபடி நின்றவர்களைப் பார்த்தார். "தூங்கலப்பா அவரு" என்றார் எரிச்சலோடு. "கை சரியானதும் லைனுக்குப் போகட்டும். போதுமா?" பிறகு ஃபோனை எடுத்து லேபின் எண்ணைத் தட்டினார். அந்தப் பக்கம் மேனேஜர் எடுத்ததும் கால்வாய்க் கதை முழுவதையும் தன் சரக்குப் போன கதையாகச் சொன்னார். "உங்க ஆளுதான் சார். யாரோ ஒரு பொம்பளை. பேர் தெரியல."

அவள் தன் பெயரைச் சொன்னாள். அடுப்பு இரைச்சலில் மேனேஜருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. முதலாளி ஃபோனை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கி, பெயரை மறுபடியும் சொன்னாள், வண்டி நம்பரையும் சேர்த்து.

மேனேஜர் "நாளையிலேருந்து உள்ள வந்துடுங்க" என்றார்.

"வர்றேன் சார்" என்றாள். ரொட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி தட்டைச் சுரண்ட ஆரம்பித்திருந்தார். "ஆனா இன்னிக்கு சாயங்காலம் ரவுண்டு வண்டி அத்தனையையும் பெட்டியோட வாசல்ல நிறுத்தச் சொல்லுங்க. எல்லா வண்டியும் இதே கனத்தத் தூக்கிக்கிட்டு மேலதான் பாக்குது. என் ஒருத்தியத் தூக்கி உள்ள வெச்சா மத்தவங்க லைட்டு கீழ இறங்காது. நாளைக்கு இன்னொருத்தர் விழுவார்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஃபோன வைங்க."

"வெச்சிராதீங்க சார்" என்றாள். "நான் இன்னும் முடிக்கல."